அழிவுக்குப் பின் அண்டை வீட்டார்

உலகம் அழிந்தபின் நடப்பதைச் சொல்லும் நாவல்களில் பெரும்பாலும் ஒரே காட்சிதான்: சாம்பல் மூடிய வானம், விளையாத மண், எதிரே வருபவன் கையில் ஆயுதம். கார்மக் மக்கார்த்தியின் ‘தி ரோட்’ (2006) இந்த நம்பிக்கையின்மையின் உச்சம். அதில் குளிரையும் பசியையும்விட இன்னொரு மனிதன் கண்ணில் படுவதுதான் பெரிய பயம்.

சாம்பல் வானம் வெறும் கற்பனை அல்ல. 1815இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தது. மேல்வளிமண்டலத்தில் பரவிய கந்தகத் துகள்கள் வெயிலைத் தடுக்க, மறு ஆண்டு ஐரோப்பாவில் கோடையே சரியாக வரவில்லை. பைரன் ‘டார்க்னஸ்’ கவிதையை எழுதியது அப்போதுதான். வானத்தைப் பற்றி எழுத்தாளர்கள் சொன்னது சரி. மனிதர்களைப் பற்றி?

கேரளத்தின் தேயிலை மலையூரான மூணாறுக்கும் ஓர் ஊழி வந்தது. 1924 ஜூலை, கொல்லம் ஆண்டு 1099. கேரளத்தில் இன்றும் அதற்குத் ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்றே பெயர். டாப் ஸ்டேஷன் வரை ஓடிய குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலை அது அழித்தது. ரயில் திரும்ப வரவே இல்லை. ஆனால் ஊர் கலையவில்லை. தமிழ்த் தொழிலாளர்கள் கொழுந்து பறித்த தோட்டங்கள் மீண்டன. 1931இல் நேரியமங்கலம் வழியாகப் புதுச் சாலையும் வந்தது.

பேரிடரில் மனிதர் நடந்துகொள்ளும் விதத்தை ஆராயவென்றே 1963இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒரு மையம் தொடங்கப்பட்டது. அதை நிறுவியவர்களில் ஒருவரான குவாரன்டெல்லி திரும்பத் திரும்பக் கண்டது இதைத்தான்: பீதியும் கொள்ளையும் நாம் நினைப்பதைவிட மிக அரிது. இடிபாட்டில் முதலில் கைவைப்பவர் மீட்புப் படையினர் அல்லர், பக்கத்து வீட்டுக்காரர். நாவல் யாரைக் கண்டு ஓடச் சொல்கிறதோ, அவர்தான் வந்து தோண்டுகிறார்.

அப்படியானால் நம்பிக்கை எப்போதுதான் அறுந்துபோகிறது? அதே மூணாறுப் பகுதியில், ராஜமலை அருகே பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு நடந்த நிலச்சரிவைப் பாருங்கள். விடாமழையில் மண்துகள்களின் இடைவெளியெல்லாம் நீர் நிறைந்தால், அந்த நீரின் அழுத்தமே துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துவிடும். பிடிப்பு இழந்த சரிவு குழம்பாக ஓடும். கீழே இருந்தவை லயங்கள், ஒரே கூரையின்கீழ் ஒட்டி ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகள். ஒரு வீடு புதைந்தால் அடுத்த வீடும் புதையும். தோண்ட வரவேண்டியவரும் மண்ணுக்குள்ளேதான். எழுபது பேர் இறந்தார்கள், பெரும்பாலும் தமிழர்கள்; நால்வரின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை.

நம்பிக்கையற்ற கதை எழுத ஆயுதம் ஏந்திய அந்நியன் தேவையே இல்லை. அன்று பெட்டிமுடியில் மின்சாரமும் இல்லை, கைபேசித் தொடர்பும் இல்லை. மலை சரிந்தது இரவு பதினொரு மணியை ஒட்டி. வெளியுலகுக்குத் தெரிந்தது மறுநாள் காலையில்.