சாம்பலில் ஒரு சுரங்கம்

ஹாம்பர்க் நகரத்து ஹென்னிக் பிராண்ட் 1669-ல், தங்கம் செய்யும் ஆசையில், வாளி வாளியாகச் சிறுநீரைச் சுண்டக் காய்ச்சினார். தங்கம் வரவில்லை, இருட்டில் ஒளிவிடும் ஒரு பொருள் வந்தது. அதுதான் பாஸ்பரஸ். தழை, மணி, சாம்பல் என்று நம் உழவர்கள் அடுக்கும் மூன்று சத்துகளில் நடுவில் நிற்கும் மணிச்சத்து. முதலில் கழிவிலிருந்து கிடைத்த இந்தப் பொருளை உலகம் பிறகு பாறையிலிருந்து வெட்டியெடுக்கப் பழகிக்கொண்டது. அந்தப் பாறையிருப்பில் ஏறத்தாழ 70 சதவீதம் மொராக்கோவிலும் அதன் பிடியிலுள்ள மேற்கு சஹாராவிலும் கிடக்கிறது. அதை வெளியிலிருந்து வாங்கியே வந்த ஜெர்மனி 2017-ல் ஒரு விதி போட்டது. பெரிய கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்கள், கசட்டில் கிலோவுக்கு 20 கிராமாவது பாஸ்பரஸ் இருந்தால், அதை மீட்டாக வேண்டும். ஒரு லட்சம் பேருக்கு மேல் சேவை செய்பவற்றுக்கு 2029, ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டவற்றுக்கு 2032 கெடு. கசட்டை எரித்த சாம்பலை அமிலத்தில் கரைத்துப் பாஸ்பரஸைப் பிரிக்கும் ஆலை ஒன்று பிராண்டின் அதே ஹாம்பர்க்கில் எழும்பியிருக்கிறது.

பாறையே மலிவாகக் கிடைக்கும்போது இந்தச் செலவு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 2007-08-ல் பாஸ்பேட் பாறையின் விலை டன்னுக்கு 50 டாலர் அளவிலிருந்து 400 டாலருக்கு மேல் எகிறியதைச் சிலர் இதற்குப் பதிலாகக் காட்டுவார்கள். அது பாதி பதில்தான். விலை மறு ஆண்டே சரிந்துவிட்டது. என் பதில் வேறு. கழிவுநீரிலிருந்து பாஸ்பரஸை எடுப்பது உரத்துக்காகத் தொடங்கிய வேலையே அல்ல. கனடாவில் 1973-ல் ஒரு ஏரியைத் திரைபோட்டு இரண்டாகப் பிரித்து, இரு பாதியிலும் கரிமச்சத்தும் தழைச்சத்தும் இட்டு, ஒன்றில் மட்டும் பாஸ்பரஸையும் சேர்த்துப் பார்த்தார்கள். அந்தப் பாதி மட்டும் பாசியால் பச்சையானது. அதன் பிறகு பாஸ்பரஸை ஆற்றில் விடக் கூடாது என்ற கட்டுப்பாடு நாடு நாடாக இறுகியது. இரும்பு, அலுமினிய உப்புகளைக் கொட்டி அதைப் படிய வைக்கும் செலவை நகராட்சிகள் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கின்றன. ஆகவே கேள்வி, பாறைக்கும் மீட்புக்கும் இடையிலான விலைப் போட்டி பற்றியது அல்ல. காசு கொடுத்துப் பிடித்த பொருளைப் புதைப்பதா, பயன்படுத்துவதா என்பதே. பிடித்த பிறகும் அது சும்மா கிடப்பதில்லை. மக்னீசியத்தோடும் அம்மோனியாவோடும் சேர்ந்து ஸ்ட்ரூவைட் என்னும் படிகமாகிக் குழாய்களை அடைக்கிறது. சிறுநீரகக் கற்களில் ஒரு வகையும் இதே தாதுதான்! தொல்லை கொடுத்த அந்தக் கல்லையே பெர்லினில் தனியே விளையவைத்து, உரமாக விற்றார்கள்.

கசட்டை அப்படியே வயலில் கொட்டினால் போதாதா என்பது இன்னொரு வாதம். எளிய வழிதான், பல ஊர்களில் பல ஆண்டுகள் நடந்ததும் அதுதான். ஆனால் நகரத்துச் சாக்கடையில் மணிச்சத்தோடு கன உலோகங்களும், மருந்து எச்சங்களும், அழியாத ரசாயனங்களும் வருகின்றன. சுவிட்சர்லாந்து 2006-ல் இப்பழக்கத்தை நிறுத்தியது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலம் 2022-ல் தடை செய்தது. பாறையும் அப்பழுக்கற்றதல்ல, அதில் காட்மியம் உண்டு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எரித்தால் கரிமச் சேர்மங்களில் பெரும்பகுதி அழிந்துவிடும். உலோகங்களை அமிலக் கரைசலில் பிரித்துக்கொள்ளலாம். ஸ்ட்ரூவைட் முறைக்கு நீரில் கரைந்திருக்கும் பாஸ்பரஸ் மட்டுமே சிக்கும். இரும்போடு பிணைந்தது கைக்கு வராது. சாம்பல் வழியில் பெரும்பகுதியை மீட்க முடிவதால்தான், செலவு கூடினாலும், ஜெர்மனி அதன் பக்கம் சாய்கிறது.

பாஸ்பரஸ் வயலிலிருந்து அரித்துப்போவதும் கால்நடைச் சாணத்தில் வீணாவதும் சாக்கடையில் போவதைவிடப் பெரிய அளவு என்கிறார்கள். மறுக்க மாட்டேன். ஆனால் அவை ஆயிரம் இடங்களில் சிதறிக் கிடப்பவை. சாக்கடையோ, ஒரு நகரம் தின்றதன் மிச்சத்தை ஒரே குழாயில் கொண்டுவந்து சேர்க்கிறது.

உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. கசட்டை நிலக்கரியோடு கலந்து மின்நிலையத்தில் எரித்தாலோ, சிமென்ட் சூளையில் போட்டாலோ, பாஸ்பரஸ் மீட்க முடியாத அளவுக்குக் கலந்துவிடும். அதனால்தான் ஜெர்மானிய விதி, மீட்பு ஆலை தயாராகாத ஊர்களுக்கு ஒரு விலக்கு தருகிறது: கசட்டைத் தனியே எரித்து, சாம்பலை வேறெதனுடனும் கலக்காமல், பின்னாளில் எடுத்துக்கொள்ளும்படி சேமித்து வைக்கலாம்.