இருமல் நின்ற பிறகும் மாத்திரை எதற்கு?

காசநோய்க்கு மாத்திரை தொடங்கிய சில வாரங்களிலேயே காய்ச்சல் விடும், பசி எடுக்கும், இருமல் அடங்கும். இரண்டாவது மாதம் முடியும்போது ‘அதான் சரியாகிவிட்டதே’ என்று பலருக்கும் தோன்றும். வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள், மாத்திரை அட்டை பிரிக்கப்படாமலே கிடக்கும். சிகிச்சையில் மிகவும் ஆபத்தான கட்டம் இதுதான். காரணம் தெரிய வேண்டுமென்றால், இந்தக் கிருமி நம் உடலுக்குள் எதைத் தின்று பிழைக்கிறது என்று பார்க்க வேண்டும்.

நம் கொலஸ்ட்ராலே அதன் தீனி

நுரையீரலுக்குள் நுழையும் கிருமிகளை மேக்ரோபேஜ் என்ற காவல் செல்கள் விழுங்கிச் செரித்துவிடும். காசநோய்க் கிருமியோ விழுங்கிய செல்லுக்குள்ளேயே குடியேறி, அங்குள்ள கொலஸ்ட்ராலை உண்ணத் தொடங்குகிறது.

கொலஸ்ட்ரால் எளிதில் உடையாத பொருள். 27 கார்பன் அணுக்கள். ஒன்றோடொன்று ஒட்டிய நான்கு வளையங்கள். பக்கத்தில் ஒரு வால். எம்.சி.இ.4 என்ற புரதத் தொகுதி இதைக் கிருமிக்குள் இழுத்துக்கொள்கிறது. பிறகு நொதிகளின் வேலை. சில நொதிகள் வாலை இரண்டு, மூன்று கார்பன்களாக நறுக்குகின்றன. வேறு சில, வளையங்களைத் திறக்கின்றன. எச்.எஸ்.ஏ.சி. என்ற நொதி, இரும்பின் துணையோடு ஆக்ஸிஜனைச் சேர்த்து ஒரு வளையத்தையே பிளந்துவிடுகிறது. கிடைக்கும் துண்டுகளில் சில, கிருமிக்கு ஆற்றல் தருகின்றன. புரோப்பியோனைல் கோ-ஏ என்ற துண்டு, அளவு மிஞ்சினால் கிருமிக்கே நஞ்சு. அதையும் கிருமி தன் மேலுறைக்கான கொழுப்பாக மாற்றிக்கொள்கிறது. நம் நோயெதிர்ப்புச் சக்தியிடமிருந்து தப்பிக்க அதற்கு உதவுவது அந்த மேலுறைதான்.

எம்.சி.இ.4 செயலிழந்த கிருமிகளால் எலிகளின் உடலில் நெடுநாள் தாக்குப்பிடிக்க முடியவில்லை என்று 2008-இல் வெளியான ஆய்வு காட்டியது. எச்.எஸ்.ஏ.சி. இல்லாத கிருமிகள் கினிப் பன்றிகளில் வலுவிழந்தன. இந்த நொதிகளை முடக்கும் மருந்துகளை ஆய்வாளர்கள் தேடி வருகிறார்கள்.

பாதியில் விட்டால் என்ன ஆகும்?

இப்படி ஒளிந்து வாழும் கிருமிகளில் ஒரு பகுதி, பெருகுவதையே கிட்டத்தட்ட நிறுத்திவிடும். ஐசோனியாசிட் மருந்து, வேகமாகப் பெருகும் கிருமிகளைத்தான் விரைவாகக் கொல்லும். அவை செத்ததும் இருமல் நின்றுவிடும். மந்தமாகக் கிடப்பவற்றையும் ஒழிக்க ரிஃபாம்பிசின் போன்ற மருந்துகளும் மாதக் கணக்கில் அவகாசமும் தேவை. அதனால்தான் வழக்கமான காசநோய்க்கு முதல் 2 மாதம் நான்கு மருந்துகள், அடுத்த 4 மாதம் மூன்று மருந்துகள். நடுவில் நிறுத்தினால் நோய் திரும்பலாம். மருந்துக்கு அடங்காத காசநோயாகவும் மாறலாம். அது வீட்டிலுள்ளவர்களுக்கும் தொற்றும்.

மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நீங்களாக நிறுத்த வேண்டாம். ரிஃபாம்பிசினால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போவது இயல்பு. கண் மஞ்சளானாலோ, பார்வை மங்கினாலோ, விடாமல் வாந்தி எடுத்தாலோ, கை கால் மரத்தாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

கொழுப்பைக் குறைத்தால் கிருமி சாகுமா?

சாகாது. நம் செல்கள் தாமே தயாரிக்கும் கொலஸ்ட்ராலையும் கிருமி எடுத்துக்கொள்ளும். முட்டை, பால், எண்ணெயை ஒதுக்கினால் பட்டினி கிடப்பது நோயாளிதான். இந்தியாவில் காசநோயை வளர்க்கும் பெரிய காரணங்களில் ஒன்று ஊட்டச்சத்துக் குறைவு. 2023-இல் வெளியான ஜார்கண்ட் ஆய்வில், நோயாளிகளின் குடும்பத்தாருக்கும் கூடுதல் உணவுப் பொருள்கள் தரப்பட்டபோது, அவர்களிடையே புதிதாகக் காசநோய் வருவது ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. கொலஸ்ட்ரால் மாத்திரைகளை வாங்கிச் சுயமாக விழுங்குவதும் தவறு. ஏற்கெனவே அவற்றைச் சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். ரிஃபாம்பிசின் அவற்றின் வீரியத்தைக் குறைக்கும். கருத்தடை மாத்திரைக்கும் இதே சிக்கல் உண்டு.

உங்களுக்கு உரியவை

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைதல், சளியில் ரத்தம் ஆகியவற்றில் எது இருந்தாலும் அரசு மருத்துவமனையில் இலவசமாகச் சளிப் பரிசோதனை செய்துகொள்ளலாம். கிருமி ரிஃபாம்பிசினுக்கு அடங்குமா என்று காட்டும் மூலக்கூறு பரிசோதனையும் இலவசம். அதைக் கேட்டுப் பெறுங்கள். மாத்திரைக்கும் காசு இல்லை. தனியார் மருத்துவரிடம் பார்ப்பவர்களும் அரசின் மருந்தைப் பெறலாம். காசநோயாளி விவரத்தைத் தனியார் மருத்துவர்களும் அரசுக்குத் தெரிவிப்பது 2012 முதல் கட்டாயம்.

நிக்‌ஷய் போஷன் திட்டத்தில் சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் தரப்பட்டது. 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய். சிகிச்சை முடியும்வரை இது வங்கிக் கணக்கில் வரும். வீட்டிலுள்ளவர்களுக்குப் பரிசோதனையும், தேவைப்பட்டால் தடுப்பு மருந்தும் உண்டு. தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான ஈ.எஸ்.ஐ.யின் நீண்டகால நோய்ப் பட்டியலில் காசநோயும் இருக்கிறது. இரண்டாண்டு தொடர்ந்து பணியில் இருந்து, உரிய சந்தாவும் செலுத்தியவருக்குச் சம்பளத்தில் 80 சதவீதம் வரை கிடைக்கும்.

மாத்திரை இருப்பில்லை என்று திருப்பி அனுப்பினாலோ, பணம் வராவிட்டாலோ, சிகிச்சை மேற்பார்வையாளரிடமும் மாவட்டக் காசநோய் அலுவலரிடமும் எழுத்தில் புகார் கொடுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். தேசிய உதவி எண் 1800-11-6666. தமிழ்நாட்டில் முதல்வரின் உதவி மையத்தை 1100-இல் அழைக்கலாம்.

குடும்பத்தாருக்கும் முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. தட்டாலோ டம்ளராலோ காசநோய் பரவாது. சரியான மருந்து தொடங்கிய சில வாரங்களில் தொற்றும் தன்மை பெரிதும் குறைந்துவிடும். நோயாளியைத் தனித்தட்டில் ஒதுக்கினால், வேலையை விட்டு நீக்கினால், அவர் நோயை மறைப்பார். மறைத்தால் மாத்திரை நிற்கும். ஆறு மாதத்தை அவர் முழுசாக முடிக்க மருந்தும் சாப்பாடும் தருவது அரசின் பொறுப்பு. ஒதுக்காமல் உடனிருப்பது நம் பொறுப்பு.