கணிப்பொறிக்கும் தேர்வு உண்டு

கணிப்பொறியின் மூளை பிராசசர் என்பதை நாம் அறிவோம். அந்த மூளையையும், நினைவகத்தையும், பிற உறுப்புகளையும் ஒன்றாக இணைத்துத் தாங்குவது மதர்போர்டு என்னும் தாய்ப்பலகையாகும். விசையை அழுத்தியதும் திரை ஒளிர்ந்துவிட்டால் எல்லாம் நலமே என்று நாம் எண்ணிவிடுகிறோம். அது போதுமா? போதாது. ஏன் என்பதைக் காண்போம்.

கணிப்பொறி எண்களை 0, 1 என்னும் இரண்டே குறிகளால் எழுதி வைக்கிறது. 99 என்பது 1100011. 35 என்பது 0100011. இரண்டுக்கும் வேறுபாடு முதற்குறி ஒன்றுதான். நினைவகத்தில் அந்த ஒரு குறி பிறழ்ந்தால், 99 மதிப்பெண் பெற்ற மாணவி தட்டுத் தடுமாறி 35 பெற்றவளாகிவிடுவாள்! கணிப்பொறியோ எதுவும் நடவாதது போல் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவேதான் சோதனை தேவைப்படுகிறது.

முதலில் பார்க்க வேண்டியது பொருத்தம். பிராசசரும் பலகையிலுள்ள சாக்கெட்டும் ஒரே வகையாக இருத்தல் வேண்டும். பலகையின் பயாஸ் என்னும் அடிப்படை நிரலும் அந்தப் பிராசசரை அறிந்திருக்க வேண்டும். டி.டி.ஆர். 4, டி.டி.ஆர். 5 ஆகிய இருவகை நினைவக அட்டைகளுக்கும் 288 பின்கள் உண்டு. எனினும் அவற்றின் வெட்டு வெவ்வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. வலிந்து அழுத்தினால் பொருள் பாழாகும். தயாரிப்பாளர் தரும் பொருத்தப் பட்டியலைப் பார்த்து வாங்குவதே நன்று.

அடுத்தது உறுதி. மெம்டெஸ்ட்86 என்னும் நிரல் நினைவகம் முழுவதிலும் குறிகளை எழுதி, மீண்டும் படித்து ஒப்பிடுகிறது. ஒரு பிழைகூடத் தோன்றலாகாது. பிரைம்95 என்னும் நிரல் பிராசசருக்கு மணிக்கணக்கில் கடுங்கணக்குகளைக் கொடுத்து, விடை சரிதானா என்று பார்க்கிறது. அப்போது வெப்பம் எவ்வளவு ஏறுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். இன்டெல் நிறுவனத்தின் ஆறாம் தலைமுறைப் பிராசசர்கள் இந்நிரலின் சில கணக்குகளில் உறைந்து நின்றன. 2016 ஆம் ஆண்டு ஜனவரியில் அந்நிறுவனமே இக்குறையை ஒப்புக்கொண்டது. பயாஸைப் புதுப்பிப்பதே அதற்கு மருந்தாயிற்று.

பிழை கண்டால் என்ன செய்வது? பலவற்றை ஒரே நேரத்தில் மாற்றலாகாது. ஒரே ஒரு நினைவக அட்டையை மட்டும் வைத்துச் சோதிக்க வேண்டும். பின்பு அதே அட்டையை அடுத்த இடத்தில் பொருத்திப் பார்க்க வேண்டும். பிழை அட்டையோடு கூடவே சென்றால் குறை பெரும்பாலும் அட்டையில். பழைய இடத்திலேயே தங்கினால், எந்த அட்டையை வைத்தாலும் அங்கே பிழை வந்தால், பலகையையே ஐயுற வேண்டும். ஒவ்வொரு முடிவையும் ஏட்டில் குறித்து வைப்பது நலம்.

தோழியரே! அமைதியாக ஓடுவதெல்லாம் சரியாக ஓடுகிறது என்று பொருளல்ல. நம் மதிப்பெண்களையும் பெற்றோரின் கணக்குகளையும் கணிப்பொறியிடம் ஒப்படைக்குமுன், அதற்கும் ஒரு தேர்வு வைப்போம்.