நீரேந்தும் நிலமே

அரசனுக்கு நீரேந்துதல் ஏவலர் தொழிலன்றோ எனச் சிலர் எண்ணக்கூடும். கண்டியரசின் வரலாறு அதற்கு மாறான உண்மையை உணர்த்துகின்றது.

கண்டி அரண்மனையில் அரசனது நீராட்டுக்குப் பொறுப்பாயிருந்தவர் தியவடன நிலமே. உணவுக்குப் பத்வடன நிலமே. உடைக்கு ஹலுவடன நிலமே. சிங்களத்தில் 'திய' என்பது நீரையும், 'பத்' என்பது சோற்றையும், 'ஹலு' என்பது ஆடையையும் குறிக்கும். பெயரளவிற் பணியாளராயினும் இவர்கள் உயர்குடிப் பிரதானிகளாவர்.

காரணம் யாது? நஞ்சூட்டவும் வாளோச்சவும் அணுகி நிற்பவனுக்கே எளிது. ஆதலின் அணுக்கப்பணி நம்பிக்கைக்குரியோரிடமே ஒப்படைக்கப்பட்டது. 1660 முதல் 1679 வரை கண்டி நாட்டிற் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ், இரண்டாம் இராசசிங்கனுக்கு உணவு கொணர்பவன் தன் மூச்சு அதன்மேற் படாவண்ணம் வாயை மூடிக் கட்டியிருந்தான் என எழுதியுள்ளார்.

ஆங்கில நாட்டிலும் இந்நிலையே காணப்பட்டது. மன்னனது மலசலக் கடனுக்கு உதவிய பணியாளரே அந்தரங்க அறையிற் பெருஞ் செல்வாக்குற்றார். எனினும் அணுக்கம் என்றும் காவலாவதில்லை. எட்டாம் ஹென்றியிடம் அப்பணி புரிந்த சேர் ஹென்றி நொறிஸ் 1536 இல் சிரச்சேதம் செய்யப்பட்டார். ஏழாம் எட்வேட் அரியணையேறிய 1901 இல் அப்பதவியும் கைவிடப்பட்டது.

கண்டியிலோ 1815 இல் அரசு வீழ்ந்தது. மன்னன் ஸ்ரீ விக்கிரமராசசிங்கன் பின்னர் வேலூருக்கு நாடுகடத்தப்பட்டான். நீரேந்தும் பதவி மட்டும் வீழவில்லை. புனித தந்தத்தைப் பேணும் தலதா மாளிகையின் துறவியல்லாத தலைமைப் பாதுகாவலராகத் தியவடன நிலமே இன்றும் விளங்குகின்றார். புதன்கிழமைதோறும் அங்கு நறுநீராட்டுச் சடங்கு நடைபெறுகின்றது. நீராட்டப்பெற்ற மன்னன் மறைந்தான். நீரேந்தும் பணி நின்று நிலவுகின்றது.