கதிர்காமப் பாதயாத்திரை போகும் இளையோருக்கு எந்தக் காப்புறுதி உதவும்?

செல்வச்சந்நிதி முருகன் கோவிலில் இருந்து வைகாசியில் புறப்படும் பாதயாத்திரை, ஆடிவேல் கொடியேற்றத்துக்குக் கதிர்காமம் போய்ச்சேர நாற்பது நாளுக்கு மேல் எடுக்கும். முல்லைத்தீவு, புல்மோட்டை, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில் என்று கிழக்குக் கரையோரமாக நடந்து, உகந்தை முருகன் கோவிலடியில் காட்டுக்குள் இறங்கும் பாதை அது. அதன்பின் குமண, யால காடுகளுக்குள்ளால் ஐந்தாறு நாள் நடக்க வேண்டும்.

யுத்தத்தால் தடைப்பட்டுப் போன இந்த நடை மீண்டு வந்த பிறகு, அதில் இளையோரின் எண்ணிக்கையும் கூடியிருக்கிறது. நேர்த்திக்காக நடப்பவர்கள், பேரனார் நடந்த வழியைப் பார்க்க வேண்டும் என்று வருபவர்கள், வெளிநாட்டில் பிறந்து வளர்ந்து விடுமுறைக்கு வந்து நடப்பவர்கள் என்று எல்லோரும் இருக்கிறார்கள்.

நான் வன்னியில் ஒரு காப்புறுதி நிறுவனத்தின் கிளையில் பல ஆண்டுகள் வேலை செய்தவன். இந்தப் பாதையில் நடந்தும் இருக்கிறேன். அதனால் ஒவ்வொரு வருடமும் வைகாசி நெருங்கும்போது பெற்றோரும் பிள்ளைகளும் ஒரே கேள்வியோடு வருவார்கள்: "போற வழியில ஏதும் நடந்தால் ஆர் பார்க்கிறது?" அதற்கான பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எதற்குக் காசு தேவையில்லை?

இலங்கையில் அரச வைத்தியசாலைச் சிகிச்சை இலவசம். பாம்பு கடித்தாலும், கால் முறிந்தாலும், டெங்கு வந்தாலும் முதலில் போக வேண்டிய இடம் அதுதான். பாம்புக்கடிக்கான விஷமுறிவு மருந்தும், விசர்நாய்க்கடித் தடுப்பூசியும் அங்கேதான் இருக்கும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, 2018இல் வடக்குக்கும் வந்தது. இன்று எல்லா மாகாணங்களிலும் ஓடுகிறது. அதற்கும் பணம் இல்லை.

ஆகவே "வைத்தியசாலைச் செலவுக்காகக் காப்புறுதி" என்று முகவர் சொல்லும்போது ஒரு கணம் நிதானியுங்கள். பாதையில் வழக்கமாக வரும் தொல்லைகள் காலில் கொப்புளம், வயிற்றோட்டம், நீரிழப்பு, காய்ச்சல், முழங்கால் வீக்கம் என்பவைதான். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு எந்தக் காப்புறுதியும் பணம் தராது. உப்புச் சீனிக் கரைசலும், புறப்படுமுன் போட்ட ஏற்பூசியும், வழியில் உள்ள அரச வைத்தியசாலையுமே போதும்.

எதற்குக் காசு தேவைப்படும்?

கூலி வேலை செய்யும் ஒரு பிள்ளைக்கு வீதியில் வாகனம் மோதிக் கால் முறிந்தால் சத்திரசிகிச்சை இலவசம்தான். ஆனால் பொத்துவிலில் அடிபட்டவரைப் பார்க்கக் கிளிநொச்சியில் இருந்து தாய் வந்து நிற்க வேண்டும். வெளியே செய்யச் சொல்லும் ஸ்கானுக்குக் காசு வேண்டும். வீடு திரும்ப வாகனம் பிடிக்க வேண்டும். அதன்பிறகு நாலைந்து மாதம் வேலைக்குப் போக முடியாது. கால் நிரந்தரமாக இயங்காமல் போனால் வாழ்க்கை முழுவதற்குமான இழப்பு. எங்களுடைய குடும்பங்கள் பலவற்றில் உழைப்பவர் ஒருவர்தான் என்பதால், பிள்ளையின் சம்பளம் நின்றால் அடுப்பும் நிற்கும்.

உள்ளூர் இளையோர் தேட வேண்டிய காப்புறுதி இந்த இழப்புக்கானது.

உள்ளூரில் என்னென்ன இருக்கின்றன?

முதலாவது, தனிநபர் விபத்துக் காப்புறுதி. விபத்தால் மரணம், நிரந்தர ஊனம், சில பொலிசிகளில் தற்காலிகமாக வேலை செய்ய முடியாத காலம் ஆகியவற்றுக்குப் பணம் தரும். கை, கால், கண் என்று ஒவ்வோர் உறுப்புக்கும் எத்தனை வீதம் என்ற அட்டவணை பொலிசியில் இருக்கும். இளம் வயதினருக்குக் கட்டுப்பணம் குறைவு. காய்ச்சலுக்கும் நோய்க்கும் இது தராது. பாம்புக்கடியை விபத்தாக எடுக்கும் பொலிசியும் உண்டு, எடுக்காததும் உண்டு. யானை போன்ற காட்டு மிருகங்களின் தாக்குதலும் அப்படித்தான். காட்டுக்குள் இறங்கப் போகிறவர் இந்த இரண்டையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்க வேண்டும்.

இரண்டாவது, மருத்துவக் காப்புறுதி. வைத்தியசாலையில் தங்கிச் சிகிச்சை பெற்ற செலவைத் திருப்பித் தருவது இது. பெரும்பாலும் தனியார் வைத்தியசாலைச் செலவுக்கே பயன்படும். பொலிசி தொடங்கிய பிறகு ஒரு காத்திருப்புக் காலம் இருக்கும். விபத்துக்குப் பொதுவாகக் காத்திருப்பு இல்லை, நோய்க்கு உண்டு. சந்நிதியில் வேல் எடுக்கும் வாரத்தில் பொலிசி எடுத்தால் வழியில் வரும் டெங்குக்கு அது உதவாமல் போகலாம்.

மூன்றாவது, ஆயுள் காப்புறுதியோடு சேர்த்து எடுக்கும் "வைத்தியசாலை நாட்படி". அரச வைத்தியசாலையில் இலவசமாகத் தங்கினாலும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தொகை தருகிற வகை இதில் உண்டு. தாயின் பயணச் செலவுக்கும் இழந்த கூலிக்கும் இது நேரடியாகப் பொருந்தும்.

இவற்றுக்குப் பணம் கட்டுமுன், ஏற்கெனவே உங்களுக்கு என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஆடைத் தொழிற்சாலை, வங்கி, தொண்டு நிறுவனம் போன்றவற்றில் வேலை செய்பவருக்குக் குழுக் காப்புறுதி இருக்கலாம். அது வேலை நேரத்துக்கு மட்டுமா, 24 மணித்தியாலமுமா, சம்பளமற்ற விடுமுறையிலும் செல்லுமா என்று மனிதவளப் பிரிவில் கேளுங்கள். அரச ஊழியருக்கு அக்ரஹார இருக்கிறது. அதில் பிள்ளைகள் எந்த வயது வரை சேர்வார்கள் என்று அலுவலகத்தில் விசாரியுங்கள். பாடசாலை மாணவருக்கு சுரக்ஷா இருக்கிறது. அதிபரிடம் இந்த ஆண்டின் விபரத்தைக் கேளுங்கள்.

உடம்பில் பீஸ் இருக்கிறவர்கள்

ஒருமுறை ஒரு தம்பி கேட்டான்: "அண்ணை, என்ரை முதுகில பீஸ் ரெண்டு இருக்கு. படிவத்தில எழுதினால் பொலிசி தரமாட்டாங்கள். எழுதாமல் விட்டால் என்ன?" 2009இல் அவன் சின்னப் பிள்ளை. இன்று இருபதுகளில் இருக்கிற எங்கள் பிள்ளைகளில் எத்தனையோ பேருடைய உடம்பில் எறிகணைச் சிதறல் இன்னும் இருக்கிறது.

அவனுக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்: "எழுது தம்பி."

காப்புறுதி ஒப்பந்தம் முழு உண்மையின் மேல் நிற்பது. விண்ணப்பத்தில் "முன்னர் காயம், சத்திரசிகிச்சை, ஊனம் உண்டா" என்று கேட்டிருந்து நீங்கள் "இல்லை" என்று எழுதினால், நாளை வாகனம் மோதி எடுக்கும் எக்ஸ்ரேயில் அந்தப் பீஸ் தெரியும். புதிய காயத்துக்கும் பழைய பீசுக்கும் தொடர்பே இல்லாவிட்டாலும், உண்மையை மறைத்தார் என்று சொல்லி முழுக் கோரிக்கையையும் நிறுவனம் மறுக்க இடம் கொடுத்துவிடுவீர்கள். கட்டிய காசும் போய்விடும்.

எழுதினால் மூன்றில் ஒன்று நடக்கும். அப்படியே ஏற்பார்கள், அல்லது அந்த உறுப்பை மட்டும் விலக்கிவிட்டு மற்றதுக்குப் பொலிசி தருவார்கள், கட்டுப்பணத்தைக் கூட்டவும் கூடும், அல்லது மறுப்பார்கள். மறுத்தால் வேறு நிறுவனத்தைக் கேட்கலாம். முதுகை விலக்கினாலும் காலுக்கும் கைக்கும் கண்ணுக்கும் காப்பு இருக்கிறதே.

"துண்டு ஒன்றும் இல்லை" என்பதுதான் அடுத்த சிக்கல். மாத்தளனில் இருந்தும் முள்ளிவாய்க்காலில் இருந்தும் செஞ்சிலுவைச் சங்கக் கப்பலில் ஏற்றப்பட்டவர்களுக்கும், புல்மோட்டையில் இந்திய மருத்துவக் குழுவிடம் சிகிச்சை பெற்றவர்களுக்கும், பிறகு முகாம்களில் மருந்து கட்டியவர்களுக்கும் அந்த நாள் டயக்னோசிஸ் காட் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. பழைய பத்திரத்தைத் தேடி அலையத் தேவையில்லை. மாவட்ட வைத்தியசாலையின் சத்திரசிகிச்சை கிளினிக்குக்குப் போய் இப்போதைய எக்ஸ்ரேயும், பீஸ் எங்கே இருக்கிறது, நடப்பதற்கு அதனால் தடை உண்டா என்று வைத்தியர் எழுதிய கடிதமும் வாங்குங்கள். அந்தக் கடிதம் இன்னொன்றுக்கும் உதவும். உடம்பில் உலோகம் இருப்பது தெரியாமல் எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் அனுப்புவது ஆபத்து. மயங்கிய நிலையில் வைத்தியசாலைக்குப் போனால் அந்தக் கடிதம்தான் உங்களுக்காகப் பேசும்.

யுத்த விலக்கு என்ற வரி

ஏறக்குறைய எல்லாப் பொலிசிகளிலும், யுத்தம், உள்நாட்டு யுத்தம், கிளர்ச்சி ஆகியவற்றால் "நேரடியாகவோ மறைமுகமாகவோ" ஏற்படும் இழப்புக்குப் பணம் இல்லை என்று ஒரு வரி இருக்கும். வேறு ஊர்க்காரர் அதை வாசிக்காமல் தாண்டிப் போகலாம். எங்களால் முடியாது. இலங்கை 2017இல் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. பெருமளவு நிலம் துப்புரவாக்கப்பட்டும் விட்டது. ஆனாலும் வடக்கில் வெடிபொருள் இன்னும் எடுக்கப்படுகிறது. யுத்தம் முடிந்து இத்தனை ஆண்டுக்குப் பின் மண்ணுக்குள் கிடந்தது வெடித்தால் அது யுத்தத்தால் வந்த இழப்பா, விபத்தா? பொலிசியின் சொற்களைப் பொறுத்து இரண்டு விதமாகவும் வாதிடலாம். அதனால் இந்தக் கேள்வியை எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். முகவர் வாயால் சொல்வது போதாது. பதில் என்னவாக இருந்தாலும், வன்னிப் பகுதியில் ஒதுங்கப் போகும்போதுகூட ஆள் நடந்த தடத்தை விட்டு இறங்காதீர்கள்.

வெளிநாட்டில் இருந்து வருகிறவர்கள்

இவர்களுக்குப் பயணக் காப்புறுதி வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது நாட்கணக்கு. பிரித்தானியாவில் ஆண்டு முழுவதற்கும் எடுக்கும் பல பொலிசிகள் ஒரு பயணத்துக்கு 31 நாள் மட்டுமே செல்லும். சந்நிதியில் தொடங்கியவருக்கு அது கிழக்கு மாகாணத்துக்குள்ளேயே முடிந்துவிடும். காட்டுக்குள் இறங்கும்போது காப்பு இருக்காது. ஜேர்மனியின் ஆண்டுப் பொலிசிகளில் இந்த எல்லை பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரம். நடை நாளோடு உறவினர் வீட்டில் நிற்கும் நாளையும் கூட்டி, முழுப் பயணத்துக்கும் தனியாக ஒரு பொலிசி எடுப்பதே பாதுகாப்பு.

நீங்கள் வாழும் நாட்டின் பொதுக் காப்பு இங்கே எவ்வளவு வரும் என்பதும் நாட்டுக்கு நாடு வேறு. பிரித்தானியாவின் என்.எச்.எஸ். இலங்கையில் பணம் தராது. ஜேர்மனியின் சட்டபூர்வக் காப்புறுதியும் தராது. ஒன்ராறியோவின் ஓஹிப், வெளிநாட்டு வைத்தியசாலையில் அவசரமாகத் தங்கினால் நாளுக்கு அதிகபட்சம் 400 கனடிய டொலர்தான் தரும். சுவிஸின் அடிப்படைக் காப்புறுதி, வெளிநாட்டில் வரும் அவசரச் சிகிச்சைக்கு, சுவிஸில் ஆகும் செலவின் இரண்டு மடங்கு வரை ஏற்கும். ஆனால் நோயாளியை நாட்டுக்குக் கொண்டுபோகும் செலவுக்கு அதை நம்ப முடியாது. சுவிஸில் வேலையை விட்டுவிட்டு நடக்க வரும் இளையோர் இன்னொன்றையும் கவனியுங்கள். வாரம் 8 மணித்தியாலமாவது ஓரிடத்தில் வேலை செய்தவருக்கு இருக்கும் வேலைக்கு வெளியேயான விபத்துக் காப்பு, சம்பளம் நின்று 31 நாளில் முடியும். அதற்குள் சிறு தொகை கட்டி ஆறு மாதம் வரை நீடிக்கலாம்.

பொலிசி எடுக்கும்போது "சுற்றுலா" என்று மட்டும் எழுதாமல், பல நாள் நடை, காட்டுவழி, இரவில் கூடாரம் அல்லது கோவில் மடம் என்று உள்ளதைச் சொல்லுங்கள். உங்கள் நாட்டு அரசு "போக வேண்டாம்" என்று அறிவித்த இடத்துக்குப் போனால் காப்பு செல்லுபடியாகாமல் போகலாம். புறப்படும் வாரத்தில் அந்த அறிவித்தலை மீண்டும் பாருங்கள். கொழும்புக்கு ஹெலிகொப்டரிலோ அம்புலன்ஸிலோ மாற்றுவதென்றால், நிறுவனத்தின் 24 மணிநேர இலக்கத்துக்கு முதலில் அறிவித்து அனுமதி எடுக்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. உகந்தைக்கு அப்பால் காட்டில் தொலைபேசி எடுபடாது. ஆகவே பொலிசி இலக்கத்தையும் அந்தத் தொலைபேசி எண்ணையும் வெளியே இருக்கும் ஒருவரிடமும், கூட நடக்கும் ஒருவரிடமும் கொடுத்துவிட்டே இறங்குங்கள்.

புறப்படுமுன்

அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பொலிசி மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். இடப்பெயர்வில் பத்திரம் தொலைத்துப் பிறகு எடுத்தவர்களுக்கு ஒரு எழுத்து மாறியிருந்தாலும் பணம் எடுக்கும்போது இழுபடும். பின்னுரித்தாளியாக, கையொப்பம் வைக்கக்கூடிய ஒருவரின் பெயரைக் கொடுங்கள். காணாமல் ஆக்கப்பட்ட தந்தையின் பெயரைப் பாசத்தில் எழுதிய பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். அந்தப் பணம் தாயின் கைக்கு வர நீண்ட காலம் எடுக்கும். தாயின் பெயரையே எழுதுங்கள்.

வழியில் எந்த வைத்தியசாலைக்குப் போனாலும் துண்டை வாங்கிக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். வீதி விபத்து என்றால் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியும் வேண்டும். கோரிக்கையை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு, முதலில் நிறுவனத்துக்கே முறையிடுங்கள். அதிலும் தீராவிட்டால் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடமும், இலங்கைக் காப்புறுதி ஒழுங்குமுறைப்படுத்தல் ஆணைக்குழுவிடமும் போகலாம்.

கையில் காசு கொஞ்சமாக இருக்கிற உள்ளூர்ப் பிள்ளை என்னிடம் கேட்டால், விபத்துக் காப்புறுதி ஒன்றையும், முடிந்தால் நாட்படியையும் எடுக்கச் சொல்வேன். அதுகூட முடியாவிட்டால் அரச வைத்தியசாலையும் 1990உம் இருக்கின்றன. எக்ஸ்ரேயையும் வைத்தியர் கடிதத்தையும் மட்டும் மறக்காமல் பையில் வைக்கச் சொல்வேன்.