ஆயில் இன்ஜின் தேஞ்சு போச்சா? வீட்டிலேயே பிரிக்கலாம்... ஆனால் எதுவரை?

மேட்டூரில் திறந்த தண்ணீர் கொள்ளிடம், கீழணை, வடவாறு, வீராணம் என்று ஒவ்வொன்றாகத் தாண்டி சிதம்பரம் பக்கத்துக் கடைமடைக்கு வருவதற்குள், சில வருடங்களில் நாற்றங்கால் வெடித்துவிடும். அதே வயலில் கார்த்திகை மழைக்குத் தண்ணீரை வெளியே இறைக்க வேண்டியிருக்கும். கரன்ட் இணைப்பு இல்லாத இடத்தில் இரண்டு வேலைக்கும் கைகொடுப்பது ஆயில் இன்ஜின்தான். அது சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் மக்கர் பண்ணும். ஹேண்டிலைச் சுற்றிச் சுற்றித் தோள்பட்டை கழன்றாலும் ஸ்டார்ட் ஆகாது.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றை இறுக்கி அமுக்கும்போது வரும் சூட்டில்தான் டீசல் பற்றிக்கொள்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழக மெக்கானிக்கல் துறையில் பயோடீசல் ஆய்வுகளுக்கு ஓட்டும் கிர்லோஸ்கர் டிவி1 இன்ஜினையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றை சிலிண்டர், 661 சிசி. உள்ளே வந்த காற்றை 17.5-ல் ஒரு பங்காகச் சுருக்குகிறது. சூடு 500 டிகிரிக்கு மேல் போகும். ரிங் தேய்ந்து காற்று கீழே கசிந்தால் அந்தச் சூடு வராது. வயலில் நிற்பதும் ஏறக்குறைய இதே மாதிரி இன்ஜின்தான், இதே கணக்குதான்.

தேய்ந்ததா என்று தெரிந்துகொள்ள மெக்கானிக் வேண்டாம். டீகம்ப்ரஷன் லீவரை விட்டுவிட்டு ஹேண்டிலை மெதுவாகச் சுற்றுங்கள். நல்ல இன்ஜின் ஒரு இடத்தில் முரண்டு பிடித்துக் கையைத் திருப்பித் தள்ளும். தேய்ந்தது வழுக்கிக்கொண்டு போய்விடும். அடுத்து, சிலிண்டருக்குள் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டுச் சுற்றிப் பாருங்கள். இப்போது பிடித்தால் கோளாறு ரிங்கிலோ லைனரிலோ. அப்பவும் பிடிக்கவில்லையா, வால்வையும் ஹெட் கேஸ்கெட்டையும் சந்தேகப்படுங்கள். ஆயிலை ஒரு ஸ்பூனுக்கு மேல் விட வேண்டாம்.

பிரிப்பது கஷ்டமில்லை, ஞாபகம் வைத்துக்கொள்வதுதான் கஷ்டம். இப்போது செல்போன் இருக்கிறது, ஒவ்வொரு நட்டைக் கழற்றும் முன்பும் ஒரு போட்டோ. தண்ணீர், ஆயில் இரண்டையும் வடித்துவிட்டு ஹெட்டைத் தூக்குங்கள். பக்கவாட்டுக் கதவைத் திறந்து கனெக்டிங் ராடின் கேப்பைக் கழற்றினால் பிஸ்டன் மேல்வழியே வரும். கேப்பில் இருக்கும் குறியைப் பார்த்து அதே பக்கம்தான் திரும்பப் போட வேண்டும். எங்கள் வீட்டு இன்ஜினில் நான் ஒருமுறை அதைத் திருப்பிப் போட்டு, ரெண்டு நாளில் பேரிங்கைத் தின்ன வைத்தேன். அப்பா இன்னும் அதைச் சொல்லிக்காட்டுவார்.

இனி அளவு. லைனரின் உள்விட்டத்தை அளக்கும் டயல் கேஜ் யார் வீட்டிலும் இருக்காது. ஆனால் ஒரு ஃபீலர் கேஜும் ஒரு புது ரிங்கும் போதும். ரிங்கை மட்டும் லைனருக்குள் விட்டு, பிஸ்டனைக் கவிழ்த்து அதால் சமமாகத் தள்ளி, ரிங்கின் வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று பாருங்கள். மேல் ரிங் ஓடும் உச்சியில் ஒருமுறை, ரிங்கே படாத அடிப்பகுதியில் ஒருமுறை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 3.14-ஆல் வகுத்தால் விட்டம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று வந்துவிடும். மேலே 0.95 மிமீ, கீழே 0.40 மிமீ என்றால் வித்தியாசம் 0.55. வகுத்தால் கிட்டத்தட்ட 0.18 மிமீ தேய்மானம். ஸ்கூலில் படித்த வட்டத்தின் சுற்றளவுதான், வேறொன்றுமில்லை. தேய்மானம் எப்போதும் உச்சியில்தான் அதிகம். சூடும் அழுத்தமும் அங்கேதான் உச்சம், ஆயில் போய்ச் சேருவதும் அங்கே குறைவு. அங்கே விரல் நகத்தில் ஒரு மேடு தட்டினால், வெறும் ரிங் மாற்றுவது காசைக் கரைக்கிற வேலை. லைனர், பிஸ்டன், ரிங் மூன்றையும் செட்டாக மாற்றிவிடுங்கள்.

இந்த விஷயத்தில் நாம் அதிர்ஷ்டசாலிகள். வெளிநாடுகளில் சிலர் வீட்டு ஷெட்டில் பிரித்துச் சேர்க்கும் மாஸ்டா ரோட்டரி கார் இன்ஜினில் பிஸ்டனே கிடையாது. முக்கோண ரோட்டர் ஒன்று சுழலும். அதன் மூன்று முனைகளிலும் உள்ள அபெக்ஸ் சீல்தான் நம் ரிங்கின் வேலையைச் செய்கிறது. 1967-ல் வந்த ஜெர்மனியின் என்எஸ்யூ ரோ 80 காரின் பெயரைக் கெடுத்ததே அந்த சீலின் தேய்மானம்தான். ரோட்டர் ஓடும் அறையின் முலாம் கீறினால் நம் லேத் பட்டறையில் போரிங் போட்டுச் சரிசெய்ய முடியாது, அறையையே மாற்ற வேண்டும். நம் ஆயில் இன்ஜினில் பெரும்பாலும் லைனரைத் தட்டி எடுத்துவிட்டுப் புதுசைச் சொருகினால் வேலை முடிந்தது. அடியில் உள்ள ரப்பர் ரிங்கில் சோப்புத் தண்ணீர் தடவிவிட்டு இறக்குங்கள். முறுக்கிக்கொண்டால் தண்ணீர் ஆயிலில் கலக்கும்.

வால்வைப் பேஸ்ட் போட்டுக் கையாலேயே தேய்க்கலாம். மண்ணெண்ணெய் ஊற்றி வைத்து, கசியவில்லை என்றால் சரி. ரிங்குகளின் வாய்கள் ஒரே நேர்கோட்டில் நிற்கக் கூடாது. ஹெட் நட்டுகளைக் குறுக்கு மறுக்காக, மூன்று சுற்றாக, டார்க் ஸ்பேனரால் இறுக்குங்கள். அந்த ஸ்பேனரை வாடகைக்காவது வாங்கிவிடுங்கள், கைக்கணக்கு இங்கே உதவாது.

எதை வீட்டில் செய்யக் கூடாது? கிராங்க் கிரைண்டிங் லேத் பட்டறை வேலை. கடலூர் முதுநகரிலும் சிதம்பரத்திலும் அதற்கு ஆள் இருக்கிறார்கள். நாசிலை டீசல் பம்ப் சர்வீஸ் கடையில் கொடுத்துவிடுங்கள். நாசில் பீச்சும் டீசலுக்கு முன்னால் விரலை நீட்டிப் பார்ப்பது பலருக்கும் பழக்கம். அந்த வேகத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், வெளியே ஒரு ஊசிப் புள்ளிதான் தெரியும். வலிக்கவில்லை என்று வீட்டில் உட்கார்ந்திருந்தால் விரலே போகலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம் அது.

இன்னொன்று, நம்ம மாவட்டத்துக்காரர்களுக்காக. 2011 டிசம்பரில் தானே புயல், 2024 டிசம்பரில் சாத்தனூர் தண்ணீரோடு தென்பெண்ணை வெள்ளம் என்று பார்த்தவர்கள் நாம். வெள்ளத்தில் மூழ்கிய இன்ஜினைத் தண்ணீர் வடிந்ததும் ஹேண்டில் போட்டுச் சுற்றவே கூடாது. காற்று சுருங்கும், தண்ணீர் சுருங்காது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும், ஹெட்கூட விரியும். நாசிலைக் கழற்றிவிட்டு மெல்லச் சுற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள். ஆயிலையும் டீசலையும் மாற்றிய பிறகுதான் மற்றதெல்லாம்.

சேர்த்து முடித்ததும் டீசல் லைனில் ஏர் எடுத்துவிட்டு, பெல்ட் மாட்டாமல் அரை மணி நேரம் ஓடவிடுங்கள். அளவு மீறி வேகம் ஏறினால் டீசலை அடைத்தால் மட்டும் நிற்காது; காற்று போகும் வாயை மூட ஒரு பலகையைப் பக்கத்தில் வைத்திருங்கள், கையை வைக்காதீர்கள். முதல் சில நாள் பாதிப் பாரம்தான். பிறகு முதல் ஆயிலை வடித்துப் பாருங்கள், மினுமினுவென்று இரும்புத் தூள் தெரியும். புது ரிங்கும் லைனரும் பழகிக்கொள்ளும்போது உதிர்ந்தது அது. அந்த ஆயிலைத் திரும்ப ஊற்றாதீர்கள். ஏர் ஃபில்டர் கிண்ணத்தில் ஆயில் இருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள், கடலூர்ப் பக்கச் செம்மண் புழுதிக்கு லைனர் என்றால் அவ்வளவு பிரியம்.