விரல் வழுக்கினால் கமகம்!

"தில்லானா மோகனாம்பாள்" படம் 1968-ல் வெளிவந்தது. அதில் வரும் நாதசுரத்தைக் கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள். திரையில் தெரிந்தவர் சிவாஜி கணேசன். வாசித்தவர்கள் மதுரை சேதுராமன்–பொன்னுசாமி சகோதரர்கள்!

அந்த இசைக்கு உயிர் எது? கமகம். ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்த ஸ்வரத்துக்குத் தாவாமல், வழுக்கியும் அசைந்தும் செல்வதுதான் கமகம்.

ஆர்மோனியத்தில் இது வராது. அதன் கட்டைகள் மாடிப்படி போன்றவை. இரண்டு படிகளுக்கு நடுவே நிற்க முடியுமா? இந்தக் குறையும் ஒரு காரணமாக, 1940-ல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தடை செய்தது. 1971-ல்தான் தடை தளர்ந்தது.

மின்சாரத்தால் ஓசை எழுப்பும் சிந்தசைசரிலும் பெரும்பாலும் இதே கட்டைகள்தான். படிக்கட்டுக்குப் பதில் சறுக்குமரம் வைத்தால்? 1930-ல் பெர்லின் நகரில் டிராட்வைன் என்பவர் அதைத்தான் செய்தார். உலோகப் பட்டைக்கு மேலே கம்பியைக் கட்டினார். விரலால் அழுத்தி, நகர்த்தி வாசிக்கும்படி அமைத்தார்.

வீட்டிலேயே செய்யலாம்!

ஓர் அடி ஸ்கேல் மேல் காகிதப் பட்டை ஒட்டவேண்டும். அதில் மையான பென்சிலால் விரல் அகலத்துக்கு அழுத்தித் தீட்டவேண்டும். பென்சில் கரியில் மின்சாரம் ஓடும்! அதன் இரு முனைகளிலும் 1.5 வோல்ட் பேட்டரியை இணைக்கவேண்டும். மேலே அலுமினியத் தாளை, கரியைத் தொடாமல், ஓரங்களில் மட்டும் ஒட்டவேண்டும்.

தாளை அழுத்தினால் அது கரியைத் தொடும். ஒரு முனையில் முழு வோல்ட், நடுவில் பாதி, மறுமுனையில் ஒன்றுமில்லை. வெளியிலிருந்து வோல்ட் ஏற்கும் சிந்தசைசருக்கு இதை அனுப்பலாம். பல சிந்தசைசர்களில் ஒரு வோல்ட்டுக்கு ஒரு ஸ்தாயி கணக்கு. ஒரே பேட்டரியில் ஒன்றரை ஸ்தாயி!

விரலை எடுத்ததும் ஸ்வரம் ஓடிவிடும். அதைப் பிடித்து வைக்க நடுவே சிறிய மின்சுற்று வேண்டும். கரி சீராக இல்லாவிட்டால் ஸ்வரமும் சீராக இராது. வீட்டு மின்சாரத்தை மட்டும் இதில் இணைக்கவே கூடாது.

இந்த நாடாவுக்கு நெருங்கிய உறவு, "கன்டினியம்" என்ற கட்டையில்லாக் கருவி. 2009-ல் வந்த "டெல்லி-6" படத்துக்கு ஏ.ஆர்.ரகுமான் அதை வாசித்தார்.

நாடா செய்ய ஒரு மாலைப்பொழுது போதும். வாசிக்கத்தான் நாளாகும். எங்கே நிற்பது என்று சொல்ல அதில் கட்டையும் இல்லை, மெட்டும் இல்லை. மதுரைச் சகோதரர்களின் நாதசுரத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் விரல் பழகவேண்டும். காதுதான் குரு!